சொட்டுநீர்க் குழாய் வழியாக நூற்புழு வைத்தியம்: பாவூர்சத்திரம் பக்கம் செய்து பார்த்தது

கத்தரிச் செடி காலையில் நன்றாக நிற்கும், உச்சி வெயிலில் துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணிமணியாக முடிச்சு. வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுதான் காரணம். தக்காளியும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போடுகிற எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு இது புதிதல்ல, இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் புழுவுக்குத் தீனி அறுவதே இல்லை. தென்காசிக்கு அருகே பாவூர்சத்திரம் பக்கம் சொட்டுநீர் சாமான் விற்கும் ஒரு கடையில் இதற்கென்றே ஆட்களை அனுப்புகிறார்கள். முதலில் நிலத்தைப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வேகவிடுகிறார்கள், அப்புறம் சொட்டுநீர் வழியாக நன்மை செய்யும் பூஞ்சாணம் கொடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் செய்ததை வைத்து எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்தது மருந்து இல்லை, மருந்துக்கு முன்னால் அவர்கள் செய்த வேலை. வந்ததும் செடி வரிசை நெடுக ஓடும் லேட்டரல் குழாய்களின் கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், செக்கச்செவேலென்று சகதி வந்தது. பிறகு மோட்டார் பக்கத்து வரிசையில் ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்), கடைக்கோடி வரிசையில் ஒரு டிரிப்பர் என்று கீழே டம்ளர் வைத்து ஒரே நேரம் பிடித்துக் காட்டினார்கள், கடைக்கோடி டம்ளரில் பாதிகூட இல்லை. "அண்ணாச்சி, தண்ணி போகாத இடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்?" என்றான் அந்தப் பையன். கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்த டிரிப்பர்களுக்கு ஆசிட் விட்டு, ஃபில்டரைக் கழுவி, இரண்டு டம்ளரும் கிட்டத்தட்டச் சமமான பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்கள். காசு கொடுத்தது இதற்கே தகும் என்பேன்.

தாள் மூடுவதற்குச் சித்திரை, வைகாசிதான் சரி. நிறமில்லாத மெல்லிய தாள், ஓரமெல்லாம் மண்ணில் புதைத்து, அடியில் சொட்டுநீர் விட்டு ஈரம் காக்க வேண்டும், ஏனென்றால் ஈரமண்ணில்தான் சூடு கீழே இறங்கும். 4 முதல் 6 வாரம் கிடந்தால் மேல்மண் 45 டிகிரிக்கு மேல் போகிறது, நூற்புழு முட்டை, சாரணை மாதிரிக் களைகளின் விதை எல்லாம் அதில் பெருமளவு அடங்கும். ஆனி பிறந்து சாரல் தொடங்கி, செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் இறங்கிவிட்டால் வெயிலும் இருக்காது, தாளும் தங்காது.

கலிஃபோர்னியா போன்ற இடங்களில் மெத்தாம் சோடியம் என்ற நச்சு மருந்தைச் சொட்டுநீரில் கலந்தே விடுகிறார்கள். ஈரமண்ணில் அது மீத்தைல் ஐசோதயோசயனேட் என்ற வாயுவாக மாறிப் புழு, பூஞ்சாணம், களைவிதை எல்லாவற்றையும் கொல்லும். 1991-இல் அங்கே ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு இதே மருந்து சாக்ரமென்டோ ஆற்றில் கொட்டி, பல மைல் தூரத்துக்கு மீன்கள் செத்துப்போயின. வரப்புக்கு அந்தப் பக்கமே வீடும், குடிதண்ணீர்க் கிணறும் இருக்கிற நம்ம ஊருக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். இவர்கள் பூஞ்சாணம் விடுவதற்கே நான்-ரிட்டன் வால்வு போட்ட பிறகுதான் கரைசலைக் குழாய்த் தண்ணீரோடு உறிஞ்சிக் கலக்கும் வென்சுரியைத் திறந்தார்கள், கரைசல் கிணற்றுக்குத் திரும்பக் கூடாது என்று. அந்தக் கவனத்துக்கு என் மரியாதை.

தாளை எடுத்து மண் ஆறிய பிறகே பூஞ்சாணம் விட வேண்டும், சூட்டில் விட்டால் அதுவும் செத்துவிடும். பர்புரியோசில்லியம் என்ற பூஞ்சாணம் நூற்புழு முட்டையைத் தின்னும். பவுடராக வந்ததை ஊறவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினார்கள், துணியில் நின்ற டால்க் மாவைப் பார்த்தால் தெரியும், அப்படியே விட்டிருந்தால் டிரிப்பர் அத்தனையும் அடைத்திருக்கும். முதலில் வெறும் தண்ணீர், நடுவில் கரைசல், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர்.

அடுத்து நட்ட கத்தரியில் செடி பிடுங்கிப் பார்த்தோம், முடிச்சு இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி வேரையே மூடிக்கொண்டு இல்லை. உச்சி வெயிலிலும் செடி நிமிர்ந்து நிற்கிறது. கோரை மட்டும் அப்படியே வந்துவிட்டது, அதன் கிழங்கு கிடக்கும் ஆழத்துக்குச் சூடு போதாது. கோரைக்காக மட்டும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட வேண்டாம்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறைதான். நைந்த தாளை உருவும்போது கிழிந்த துண்டுகளைத் தோட்டத்திலேயே விட்டுப் போய்விட்டார்கள். கேட்டதற்கு "அது எங்க வேலையில சேராது" என்றார்கள். ஆடு மேய்கிற நிலத்தில் பாலித்தீன் துண்டு கிடப்பது சாதாரண விஷயமில்லை, வீட்டாள்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். கூப்பிடுகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, தாளை முழுசாக எடுத்துப்போவதும் கூலியில் அடக்கம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.