நெல் திருவிழா போயிட்டு வந்தோம், அடுத்த வருஷம் போறவங்களுக்காக

மயிலாடுதுறை பக்கம் இந்த வருஷம் நடந்த நெல் திருவிழாவுக்கு, அதாவது பாரம்பரிய நெல் விதையை விவசாயிங்களுக்குக் குடுக்குற விழாவுக்கு, வீட்டோட போயிருந்தோம். கண்டிப்பா போங்க, அதுதான் என் முடிவு. பருவநிலை மாற்றம்னு மேடை போட்டுப் பேசுற நிகழ்ச்சி எத்தனையோ நடக்குது, இங்க மட்டும்தான் கையில விதையைக் குடுத்து போய் விதைச்சுட்டு வாங்கன்னு அனுப்புறாங்க.

வழி காட்டினது திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஆதிரெங்கம். நெல் ஜெயராமன் அய்யா 2006ல அங்க ஆரம்பிச்சது, 170க்கு மேல பாரம்பரிய ரகம் தேடிச் சேத்தவரு, 2018 டிசம்பர்ல காலமாயிட்டாரு. இப்ப பல ஊர்ல நடத்துறாங்க, கணக்கு மட்டும் அதே கணக்கு: இந்த வருஷம் 2 கிலோ விதை வாங்கினா அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும். நோட்டுல பேரு, ஊரு, போன் நம்பர் எழுதுறாங்க, அவ்வளவுதான், பத்திரமும் இல்ல முன்பணமும் இல்ல. நாங்க வரிசையில நிக்கும்போது ஒரு பெரியவர் திருப்பிக் குடுக்குற விதையை சைக்கிள் கேரியர்ல சாக்குல கட்டிட்டு வந்து இறக்கினாரு, வாங்கிக்கிறவங்க ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில தேய்ச்சு ஊதிப் பாத்து, ஒரு மணியை பல்லுல கடிச்சு விதை சரியா காய்ஞ்சிருக்கான்னு பாத்துட்டுதான் எடை போட்டாங்க. 2 கிலோல என்ன ஆகும்னு நினைக்காதீங்க, குத்துக்கு ஒரே நாத்து வெக்கிற ஒத்தை நாத்து நடவுக்கு ஏக்கருக்கு அதுவே போதும்.

எங்க பக்கம் இது ஏன் முக்கியம்னா 2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை கொட்டிச்சு, அப்புறம் 2023 பிப்ரவரியில அறுப்புக்கு நின்ன சம்பா மழையில சாஞ்சு முளைச்சே போச்சு. கடலோரத்துல உப்பு ஏறின நிலத்துக்கு குழியடிச்சான், தண்ணி நிக்கிற பள்ளத்துக்கு காட்டுயானம்னு ஒவ்வொரு கதிரையும் தாளோட கட்டி வெச்சிருந்தாங்க. காட்டுயானம் தாளு என் உசரத்தைத் தாண்டி நிக்குது! ஆனா 6 மாசப் பயிரு, காத்தடிச்சா சாயும், அதையும் மறைக்காம சொன்னாங்க. வெள்ளத்துல ரெண்டு வாரம் வரைக்கும் முழுகிக் கிடந்தாலும் தாங்குற ஸ்வர்ணா சப்-1 ரகம் இருக்குல்ல, அதுக்கு அந்த குணம் வந்ததே ஒடிசாவோட பழைய நெல்லு ஒண்ணுல இருந்துதான். பழைய விதையை ஏன் காப்பாத்தணும்னு கேக்குறவங்களுக்கு இதுக்கு மேல என்ன பதில் வேணும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஒரு மூலையில இருந்த தண்ணிக் குழாய் ஸ்டால். ஓட்டை போட்ட பிவிசி குழாயை சேத்துல இறக்கி, உள்ள இருக்குற மண்ணை கையாலயே வழிச்சு எடுத்துட்டு, தண்ணி மட்டம் எங்க நிக்குதுன்னு பசங்களை எட்டிப் பாக்க சொன்னாங்க. மண்ணுக்குக் கீழ 15 சென்டிமீட்டர் இறங்கினப்புறம் தண்ணி விட்டா போதும், நம்ம ஆளுங்க சொல்ற காய்ச்சலும் பாய்ச்சலும்தான். எப்பவும் தண்ணி கட்டியே கிடக்குற வயல்ல மீத்தேன் வருது, 100 வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட 27, 28 மடங்கு சூடு ஏத்துற வாயு, இப்படி விட்டு விட்டுப் பாய்ச்சினா அது பாதி அளவுக்குக் கூட குறையும். தண்ணியும் மிச்சம். பம்புசெட் வெச்சிருக்குற ஒவ்வொருத்தரும் பாக்க வேண்டிய ஸ்டால், ஆனா அங்க கூட்டமே இல்ல.

காரணம் மைக்செட். காலையில ஆரம்பிச்ச பேச்சு சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓயல, ஸ்டால்ல விவசாயி சொல்றது காதுலயே விழல. நடத்துறவங்க தயவு செஞ்சு மேடையை ஸ்டாலை விட்டுத் தூரமா போடுங்க, ஜனங்க வர்றது விதைக்கும் விதை போட்டவங்க அனுபவத்துக்கும்தான். அப்புறம் ரெண்டு மூணு அரிசிக் கடையில இதைத் தின்னா சுகர் குணமாகும்னு போர்டு வெச்சிருந்தாங்க, அது தப்பு, அரிசி மாத்திரை கிடையாது, அதை நம்பி யாராவது மருந்தை நிறுத்திட்டா என்ன ஆகுறது.

சாப்பாடு அருமை. கருப்புக் கவுனி சக்கரைப் பொங்கலும் பூங்கார் கஞ்சியும் ஆளுக்கு ரெண்டு தடவை வாங்கினோம், எல்லாம் எவர்சில்வர் தட்டு, கழுவுறதுக்கு தனி இடம், ஒரு பிளாஸ்டிக் கப் கண்ணுல படல.

5க்கு 4 குடுப்பேன். விதை வேணும்னா காலையிலயே போயிடுங்க, நல்ல ரகம் மதியத்துக்குள்ள தீந்துடுது, துணிப்பையும் எடுத்துட்டுப் போங்க. நிலம் இல்லாதவங்க மாப்பிள்ளை சம்பா அவலும் கவுனி அரிசியும் வாங்கலாம், அதுவும் அந்த விவசாயிக்குத்தான் போகுது. கவுனியை முந்தின நாள் ராத்திரியே ஊற வெச்சிருங்க, இல்லைன்னா எத்தனை விசில் விட்டாலும் வேகாது.