999 யுவானுக்கு யுன்னான் பனிமலை குரூப் டூர்: சீனாவில் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மே தின விடுமுறையும் அக்டோபர் முதல் வார விடுமுறையும் நெருங்கினால் போதும், வெளிநாட்டு மாணவர்களின் வீசாட் (சீனாவின் அரட்டை, பணப் பரிமாற்றச் செயலி) குரூப்களில் ஒரே அச்சில் வார்த்த போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். யுன்னான் மாகாணத்தின் குன்மிங், தாலி, லிஜியாங் நகரங்கள். 6 நாள், 5 இரவு. பனிமலை, மலையேற்றம், குதிரைச் சவாரி எல்லாம் சேர்த்து தலைக்கு 999 யுவான். அனுப்புவது பெரும்பாலும் நம் ஊர் சீனியர்தான். "அண்ணன் போன வருஷமே கூட்டிட்டுப் போனாரு" என்று யாராவது ஒருவர் சொல்ல, முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் அன்று இரவே பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். போஸ்டரில் காட்டிய பனிமலை உச்சியையும் பார்க்காமல், இன்னொரு 1,000 யுவானையும் இழந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் இருக்கிறார்கள். அது எந்தெந்த இடத்தில் எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குன்மிங்கிலிருந்து லிஜியாங்குக்கு அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்பு சுமார் 220 யுவான், போகவர 440. லிஜியாங்கில் உள்ள யூலோங் பனிமலைக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே 100, பெரிய ரோப்கார் அதற்கும் மேல். ஐந்து இரவு விடுதியில் இருவர் ஓர் அறை எடுத்தாலும் தலைக்கு 400 ஆகிவிடும். சாப்பாடு, பஸ், கைடு எதையும் சேர்க்காமலேயே 1,000 தாண்டியாயிற்று. அப்படியானால் 999 யுவானுக்குக் கூட்டிப்போகிறவர் எதில் சம்பாதிக்கிறார்? உங்களைக் கடைக்குக் கூட்டிப்போய் விடுவதில், கூடுதல் டிக்கெட் விற்பதில், சொன்னதை விட்டுவிட்டு மலிவானதைக் கொடுப்பதில். இந்த மூன்றைத் தவிர வேறு வழியே அவருக்கு இல்லை. அடிமாட்டு விலையில் டூர் நடத்திக் கடைகளில் ஈடுகட்டுவதைச் சீனாவின் சுற்றுலாச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அது. 35ஆவது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சீனியரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கும் மாணவரிடம் டிராவல் ஏஜென்சி உரிமம் இருக்காது. உரிமம் இல்லாமல் டூர் நடத்தினால் 10,000 முதல் 1,00,000 யுவான் வரை அபராதம். மாணவர் குடியிருப்பு அனுமதியில் இருந்துகொண்டு இப்படிச் சம்பாதிப்பது சட்டவிரோத வேலையாகவும் கருதப்படும். அதற்கு 5,000 முதல் 20,000 யுவான், மோசமான வழக்கில் 5 முதல் 15 நாள் காவல். அதனால்தான் சிக்கல் வந்ததும் அவர் முதலில் செய்வது குரூப்பைக் கலைப்பது. உங்களிடம் மிஞ்சுவது அவருடைய சொந்த வீசாட் கணக்குக்கு அனுப்பிய பணம் மட்டும். ஏஜென்சியிடம் கேட்டால் "உங்கள் பெயரில் எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்பார்கள்.

ஆகவே பணம் போகும் வழியைப் பாருங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பி அவர் பெற்றுக்கொண்டுவிட்டால் வீசாட்டில் திரும்ப எடுக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் அவர் ஏற்கவில்லை என்றால் மட்டும் தானாகத் திரும்பிவிடும். வீசாட்டின் பேமென்ட் செட்டிங்ஸில் பணம் போய்ச் சேரும் நேரத்தை 2 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் கழித்து என்று மாற்றி வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அதை நம்பிக்கூடத் தனி ஆளுக்கு அனுப்ப வேண்டாம். ஏஜென்சியின் நிறுவனக் கணக்குக்கே அனுப்புங்கள், ரசீது கேளுங்கள். பேக்கேஜ் டூருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம். உரிம எண் எல் என்ற எழுத்தில் தொடங்கி மாகாணக் குறியீட்டோடு வரும்; அந்த எண்ணும், ஒப்பந்தத்தில் உள்ள பெயரும், பணம் வாங்கும் கணக்கின் பெயரும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் விலகிவிடுங்கள்.

"கேன்சல் செய்தால் ஒரு யுவானும் திரும்பாது" என்ற வரி எல்லாப் போஸ்டரிலும் இருக்கும். அது செல்லாது. கிளம்பும் முன் நீங்கள் விலகினால், உண்மையில் செலவான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கே வழக்கமான நாட்களில் 8 நாளுக்கு முன் ரத்து செய்தால் பிடித்தம் கிடையாது. 48 மணி நேரம் வரை 5 சதவீதம், 24 மணி நேரம் வரை 10, அதற்குப் பிறகு 20. "டிக்கெட் போட்டாச்சு, முழுக்கப் போச்சு" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். டிக்கெட்டை சீன ரயில்வேயின் 12306 செயலியில் உங்கள் பாஸ்போர்ட்டில் நீங்களே எடுத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

இனி பனிமலை. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், ஏமாந்தது தெரியாமலேயே ஏமாறுவதும் இங்கேதான். யூலோங் மலையில் ரோப்கார் ஒன்றல்ல, மூன்று. பனியாற்றுப் பூங்காவுக்குப் போகும் பெரிய ரோப்கார் 3,356 மீட்டரிலிருந்து 4,506 மீட்டருக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து மரப்படிகளில் 4,680 வரை நடக்கலாம். போஸ்டரில் பார்த்த படம் அங்கே எடுத்தது. யுன்ஷான்பிங் போகும் சிறிய ரோப்கார் 3,240 மீட்டரில் பைன் காட்டுக்கு நடுவே உள்ள ஒரு புல்வெளியில் இறக்கிவிடும். பனியைத் தூரத்தில் பார்க்கலாம். மூன்றாவது, மாவ்நியூபிங் என்கிற யாக் எருமை மேய்ச்சல் வெளிக்குப் போவது. ஒப்பந்தத்தில் வெறுமனே "பனிமலை ரோப்கார்" என்று எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது யுன்ஷான்பிங்தான். விலையும் குறைவு, இடமும் எளிதாகக் கிடைக்கும். பெரிய ரோப்காருக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு; பாஸ்போர்ட் எண்ணுடன் முன்பதிவு செய்ய வேண்டும். அதனால் "பெரிய ரோப்கார் புக் ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால், உங்கள் பெயரும் ஏறும் நேரமும் உள்ள பதிவின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். நாளை அனுப்புகிறேன் என்றால் பதிவு இல்லை என்று பொருள்.

அடிவாரத்தில் வந்து "காற்று, மேலே நிறுத்திவிட்டார்கள்" என்பதும் வழக்கம். காற்று பலமானால் நிறுத்துவது உண்மைதான். அப்போது மலையின் அதிகாரப்பூர்வ வீசாட் கணக்கில் அறிவிப்பு வரும், அதைப் பாருங்கள். உண்மையாகவே நின்றிருந்தாலும், மலிவான ரோப்காருக்கு மாற்றினால் வித்தியாசத் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது.

மலைக்குப் போகும் வழியில் பஸ் ஒரு கடை முன் நிற்கும். கைடு மைக்கைப் பிடித்து, ஆக்சிஜன் இல்லாமல் ஏறினால் மயங்கி விழுவீர்கள் என்பார். ஒரு டப்பாவும் சிவப்பு நிறத் தடிமனான கோட்டு வாடகையும் சேர்த்து "செட்" என்று விற்பார்கள். அந்த டப்பாவை ஆட்டிப் பாருங்கள், காற்றுக் கனம்தான். விட்டு விட்டு உறிஞ்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது தலைவலியைச் சற்று ஆற்றும், உயர நோயைத் தடுக்காது. தடுப்பது படிப்படியாக ஏறுவதுதான்: குன்மிங் சுமார் 1,900 மீட்டர், தாலி 2,000, லிஜியாங் 2,400. லிஜியாங்கில் இரண்டு இரவாவது தூங்கிவிட்டு மலைக்குப் போங்கள். மலிவு டூர்கள் இரவோடு இரவாக லிஜியாங் வந்து விடிந்ததும் 4,500க்கு ஏற்றுகின்றன. வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது அதனால். சளி, காய்ச்சல் இருந்தால் ஏற வேண்டாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ டப்பாவைத் தேடாமல் கீழே இறங்குங்கள். மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவும் கோட்டும் வேண்டும் என்றால் முந்தின நாளே நகரத்துக் கடையில் விலை விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குதிரைச் சவாரி லாஷிஹாய் ஏரிக்கரையில். தேயிலைக் குதிரைப் பாதை என்று பெரிய பெயர். சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் ஏ வழி, பி வழி, சி வழி என்று இருக்கும். அதில் கணிசமான பங்கு உங்களைக் கொண்டுவந்த டிரைவருக்கு. "இலவசம்" என்று போஸ்டரில் இருந்தால் லாயத்தைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். பிறகு மேலே போகப் பணம்.

மலையேற்றம் என்று காட்டுவது ஹூதியாவ்சியா, புலிப் பாய்ச்சல் பள்ளத்தாக்கு. யூலோங் மலைக்கும் ஹாபா மலைக்கும் நடுவே ஜின்ஷா ஆறு பாய்ந்து ஓடும் இடம். படத்தில் இருப்பது சியாவ்தோ என்ற ஊரிலிருந்து 28 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வழியில் ஒரு இரவு தங்கி, இரண்டு நாள் நடக்கும் மேல் பாதை. டூரில் கிடைப்பது பஸ் நிறுத்தத்திலிருந்து படியிறங்கி ஆற்றைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் திரும்புவது. "மேல் பாதை, ஒரு இரவு" என்று ஒப்பந்தத்தில் எழுதாத எதுவும் மலையேற்றம் அல்ல. நடுப் பள்ளத்தாக்கில் இறங்க உள்ளூர்க்காரர்கள் பாதைக்கும் இரும்பு ஏணிக்கும் சிறு தொகை வசூலிப்பார்கள். அது ஏமாற்று அல்ல, பாதையைப் பராமரிப்பவர்கள் அவர்கள். சில்லறைக் கட்டணத்துக்கு வீசாட் பேமென்ட் தயாராக இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் கல் உருளும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம். பாதையை விட்டு விலகிச் சிக்கினால், மீட்புச் செலவில் உங்கள் பங்கைக் கட்ட வேண்டும் என்பதும் அதே சுற்றுலாச் சட்டத்தில் உள்ளது.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் ஒரு பூசி மெழுகல் உண்டு. "டூர் இன்ஷூரன்ஸ் உள்ளடக்கம்" என்பது பெரும்பாலும் ஏஜென்சியின் பொறுப்புக் காப்பீடு. தவறு ஏஜென்சியுடையது என்றால்தான் பணம் வரும். நீங்கள் வழுக்கி விழுந்தால் வராது. பல்கலைக்கழகம் கட்டச் சொல்லும் மாணவர் காப்பீட்டிலும் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் பயண விபத்துக் காப்பீடு எடுப்பது பெரிய செலவல்ல.

சில டூர்களில் ஷாங்ரிலாவையும் சேர்த்து, அதற்கு "திபெத் அனுமதிக் கட்டணம்" கேட்கிறார்கள். ஷாங்ரிலா யுன்னான் மாகாணத்தில் இருக்கிறது. எந்த அனுமதியும் தேவையில்லை. உண்மையான திபெத்துக்கு அனுமதியும் ஏஜென்சி கைடும் இல்லாமல் வெளிநாட்டவர் போகவே முடியாது. சாலை வழியாக நைசாகக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் அமைப்பாளரிடம் கொடுக்காதீர்கள். 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விடுதியில் உங்கள் பெயரைப் பதிவு செய்கிறார்களா என்றும் பாருங்கள். யாரோ ஒருவர் பெயரில் அறை எடுத்து மற்றவர்களைப் பின்வாசலில் நுழைத்தால், நீங்கள் தங்கிய இடம் போலீஸில் பதிவாகாமல் போகும்.

வெள்ளிக் கடை, ஜேட் கடை, பூஅர் தேயிலைக் கடை என்று உள்ளே விட்டுக் கதவருகே கைடு நிற்பார். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. திட்டினால் போனில் பதிவு செய்யுங்கள். வெள்ளியை எடை போட்டு, விலையை எடையால் வகுத்து, அன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றாலும் வழி உண்டு: 35ஆவது பிரிவின்படி டூர் முடிந்த 30 நாளுக்குள் ஏஜென்சியே பொருளைத் திருப்பி, கடை தரும் வரை காத்திராமல் பணத்தை முன்கூட்டித் தர வேண்டும். கூடுதலாகக் கட்டிய குதிரை, நாட்டிய நிகழ்ச்சிக் கட்டணத்துக்கும் இது பொருந்தும். பொருளைப் பயன்படுத்தாமல், சீல், ரசீது, சான்றிதழோடு வைத்திருங்கள்.

புகாருக்கு அரசின் 12345, கடை தொடர்பானதற்கு நுகர்வோர் புகார் எண் 12315. சண்டை, மிரட்டல் என்றால் போலீஸ், 110. சீன மொழி பேசும் நண்பர் ஒருவரை லைனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த எண், உரிம எண், பஸ் நம்பர், கைடின் அடையாள அட்டைப் படம், பணம் அனுப்பிய பக்கம், போஸ்டர், இவை ஆறும் இருந்தால் புகார் நகரும். குரூப் கலைக்கப்படும் முன் உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஒப்பந்த எண்ணைச் சொல்லித் தனித்தனியாகப் புகார் பதியுங்கள். ஒருவர் மட்டும் போட்டால் அவருக்கு மட்டும் ஏதோ கொடுத்து முடித்துவிடுவார்கள்.