நித்திரைப் பரிசோதனை: மணிக்கூடா, வீட்டுக் கருவியா, ஆய்வுகூடமா?

அப்பாவின் குறட்டை எங்கள் உப்புவெளி வீட்டுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சற்று நேரம் மூச்சே கேட்காமல், பிறகு அவர் திணறி எழும்புவதுதான் பயமுறுத்தியது. பகலில் பேப்பர் வாசிக்கும்போதே தூங்கி விழுந்தார். மாத்திரை எடுத்தும் பிரஷர் இறங்கவில்லை. நித்திரையில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னார் வைத்தியர். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றிலும் இப்போது செயற்கை நுண்ணறிவு புகுந்திருக்கிறது. நாங்கள் வீட்டுக் கருவியை எடுத்தோம். இன்றும் அதையே எடுப்பேன்.

மணிக்கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம்சங், அப்பிள் மணிக்கூடுகளின் மூச்சுத்தடை எச்சரிக்கை வசதிக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயை உறுதிசெய்யாது. எச்சரிக்கை வரவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. வைத்தியரிடம் போகத் தயங்குபவரைத் தள்ளிவிட உதவும், அவ்வளவுதான்.

ஆய்வுகூடப் பரிசோதனையில் மூளை அலை, கண் அசைவு, தசை, மூச்சு, ஒட்சிசன் எல்லாம் பதிவாகும். பதிவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டிப் பார்ப்பார்கள். 8 மணி நேர நித்திரை என்றால் 960 துண்டுகள். கணினி அதை நிமிடங்களில் தரம்பிரித்துவிடுவது பெரிய உதவி. நித்திரையின் நிலைகளைப் பிரிப்பதில் தேர்ந்தவர்களே ஏறத்தாழ ஐந்தில் ஒரு துண்டுக்கு முரண்படுவார்கள் என்பதால், கணினியின் கணிப்பை அலட்சியப்படுத்தவும் முடியாது. இதயப் பலவீனம், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆய்வுகூடமே சரி. அப்பாவுக்கு அவை இல்லை. கொழும்புக்குப் போய், உடம்பெல்லாம் வயரோடு அந்நியக் கட்டிலில் படுக்க அவருக்கு மனமும் இல்லை.

வீட்டுக் கருவியில் விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டி. காலையில் கணினி தந்த அறிக்கையில் 7 மணி நேரப் பதிவு, 91 தடைகள், மணிக்கு 13 என்று இருந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆகவே 'லேசானது' என்று அச்சாகியிருந்தது.

மூல அலைவடிவத்தைத் திறந்து பார்த்த தொழில்நுட்பவியலாளர் கடைசி ஒன்றரை மணி நேரத்தைக் காட்டினார். விரல் கவ்வியும் மூக்குக் குழாயும் கழன்று, கோடுகள் தட்டையாகக் கிடந்தன. அந்த நேரத்தையும் கணினி கணக்கில் சேர்த்திருந்தது. அதைக் கழித்து, 91ஐ ஐந்தரையால் வகுத்தால் 16.5. நோய் நடுத்தர வகைக்குப் போய்விட்டது. பிரஷர் உள்ளவருக்கு 13 என்றாலும் சிகிச்சை பற்றிப் பேசலாம்தான். ஆனால் 'லேசானது' என்ற சொல்லைக் கண்டால் அப்பா அதோடு விட்டிருப்பார்.

என் முடிவைத் தீர்மானித்தது, ஒரு மனிதர் பதிவைத் திறந்து பார்த்ததுதான். ஏனென்றால் வீட்டுக் கருவிக்குக் குறைகள் உண்டு. அது மூளை அலையைப் பார்ப்பதில்லை. கச்சான் காற்றின் வெக்கையில் விழித்துப் புரண்ட நேரத்தையும் பதிவு நேரமாகவே வகுக்கும், எண் குறையும். கருமையான தோலில் விரல் கவ்வி ஒட்சிசனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விடயம். நம் ஆட்களுக்கு அது சின்ன விடயமல்ல. ஆகவே காசு கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: அலைவடிவத்தை ஒரு மனிதர் திறந்து பார்ப்பாரா, அல்லது கணினி அச்சிட்ட தாள் மட்டும்தானா? தாள் மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அப்பா இப்போது தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மூச்சுக் கருவியைப் போடுகிறார். பகல் தூக்கம் குறைந்திருக்கிறது. பிரஷர் பற்றிச் சொல்ல இன்னும் காலம் போதாது.

இரவில் கடலுக்குப் போகிறவர்கள் பகல் நித்திரையிலேயே பரிசோதிக்கலாம். தொடங்கும் நேரத்தை முன்கூட்டியே அமைத்துத் தருகிற கருவி என்றால், வாங்கும்போதே அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.