திரவம் கண்ணாடி ஆகுறப்போ ஏன் அப்படி மந்தமாகுது: ரெண்டு கட்சி

கிளிசரினைப் படிகமாக விடாம குளிர வெச்சா 190 கெல்வின் (மைனஸ் 83 டிகிரி செல்சியஸ்) பக்கத்துல கண்ணாடி ஆயிடும், அதாவது படிக ஒழுங்கு இல்லாமலே கெட்டியாயிடும். உள்ள மூலக்கூறுங்க அடுக்கு பெருசா ஒண்ணும் மாறலை, ஆனா சூடா இருந்தப்போ பைகோ செகண்ட்ல திரும்பிட்டிருந்தது இப்போ 100 செகண்ட் எடுக்குது. ஏன்னு கேட்டா அங்கதான் சண்டை.

ஒரு கட்சி ஆடம், கிப்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1965ல சொன்னது. குளிர குளிர மூலக்கூறுங்க விதவிதமா அடுக்கிக்கறதுக்கு இருக்கற சாய்ஸ் குறையுது (கான்ஃபிகரேஷனல் என்ட்ரோபி), அதனால தனியா ஒண்ணும் நகர முடியாது, ஒரு கும்பலே சேர்ந்து நகரணும், அந்த கும்பலும் பெருசாகிட்டே போகுது. 80கள்ல கிர்க்பேட்ரிக், திருமலை, வோலின்ஸ் கட்டுன தியரியும் இந்தப் பக்கம்தான்.

இன்னொண்ணு ஃபெசிலிடேஷன், அதாவது ஒரு இடம் நகர்ந்தாதான் பக்கத்து இடம் நகர வழி கிடைக்கும்ங்கற கட்சி, கர்ராஹன், சாண்ட்லர் ஆளுங்க. தீபாவளி நேரத்துல வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல நின்னவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். நைட்டிக் கடை வாசல்ல பேரம் முடிஞ்சு ஒரு அக்கா பையைத் தூக்கிட்டு ஒதுங்குனா பின்னாடி இருக்கறவர் ஒரு அடி வைக்கிறாரு, அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவரு, அப்படியே அந்த ஓரம் மட்டும் நகருது, எதிர்ப்பக்கம் அசையவே இல்ல. திரவத்துக்குள்ளயும் ஒரு இடம் வேகமா, பக்கத்து இடம் உறைஞ்ச மாதிரி இருக்கறது சிமுலேஷன்ல தெளிவாவே தெரியுது. இதை விளக்குறதுல இவங்க கெட்டி.

ஆனா கண்ணாடி ஆகுறப்போ வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடேத்த எவ்வளவு வெப்பம் வேணும்ங்கறது) சடார்னு இறங்குதே, ஆர்த்தோடெர்ஃபினைல்ங்கற கரிமப் பொருள்ல நல்லா பெருசா, சிலிக்கால கொஞ்சூண்டு, அதைக் கேட்டா இவங்க இழுக்குறாங்க, ஆடம்-கிப்ஸ்காரங்களுக்கு அது கணக்குலயே வந்துடுது. பிசுக்குமை (திரவம் ஓட எவ்வளவு அடம் பிடிக்குதுங்கறது) டேட்டாவை வெச்சும் தீர்ப்பு சொல்ல முடியல, ஏன்னா ஆடம்-கிப்ஸ் பக்கத்து ஃபார்முலா ஒரு டெம்பரேச்சர்ல முடிவிலிக்குப் போகுது, ஃபெசிலிடேஷன் பக்கத்துது போகல, ஆனா அளக்க முடிஞ்ச வரைக்கும் ரெண்டுமே பொருந்துது, அதுக்குக் கீழ பேலன்ஸுக்கு வர காத்திருக்க யாருக்கும் ஆயுசு பத்தாது.

என்னை ரெண்டாவது பக்கம் இழுத்தது ஸ்வாப் மேட்டர். சிமுலேஷன்ல சின்ன துகளும் பெரிய துகளும் இடத்தை மாத்திக்கலாம்னு விட்டா அதே அடுக்கு, அதே என்ட்ரோபி, ஆனா பல மடங்கு வேகமா ரிலாக்ஸ் ஆகுது, அதாவது பழைய அடுக்கை விட்டு புது அடுக்குக்கு மாறுது. என்ட்ரோபிதான் காரணம்னா இது எப்படினு 2017ல வயார்ட், கேட்ஸ்னு ரெண்டு இயற்பியலாளர்கள் கேட்டாங்க. ஸ்வாப் உள்ளூர் தடையை மட்டும்தான் எடுக்குதுனு எதிர்ப்பக்கமும் பதில் குடுத்திருக்கு, சும்மா சொல்லக்கூடாது, அதுவும் மட்டமான பதில் இல்ல. இருந்தாலும் அந்த வெப்பக் கணக்கை மட்டும் ஃபெசிலிடேஷன் டீம் ஒழுங்கா காட்டிட்டா நான் முழுசா அவங்க பக்கம்.