தோல் கழிவுநீர்: கலப்பதா, வற்றவைப்பதா, முன்பே பிரிப்பதா?

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைகளை ஒப்பிடும்போது, உப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் காரமேற்றி வீழ்படிவாக்கிவிடலாம்; கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் வரை இடப்படும் உப்போ, காற்றூட்டும் தொட்டிகளையெல்லாம் கடந்து அப்படியே வெளியேறுகிறது.

கான்பூரில் தோல் ஆலைகள் நிறைந்த ஜாஜ்மாவ் பகுதி, கலக்கும் வழியைத் தேர்ந்தது. கங்கைச் செயல் திட்டத்தின் கீழ் 1994-இல் இயங்கத் தொடங்கிய நிலையம், நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் ஆலைக் கழிவுநீரை 270 லட்சம் லிட்டர் வீட்டுக் கழிவுநீருடன் கலந்து காற்றில்லா முறையில் சுத்திகரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. மின்செலவு குறைவு என்பது இதன் கவர்ச்சி. ஆனால் கழிவுநீரிலுள்ள சல்பேட், காற்றில்லாத சூழலில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி மீத்தேன் உற்பத்தியைக் கெடுக்கும். உப்பு நீர்த்துப்போகிறதே தவிர நீங்குவதில்லை. அந்த நீர் பாய்ந்த வயல்களில் குரோமியமும் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் தோல் ஆலைகள் நிறைந்த பாலாற்றுப் பகுதிக்கு இவ்வழி பொருந்தாது. கங்கையில் ஓடும் நீர் இங்கே இல்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் விட்டது நேரே கிணறுகளுக்குள்தான் இறங்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் உப்பு) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை உயிரியல் சுத்திகரிப்பால் மட்டும் எட்ட முடியாததால், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னர் ஆர்.ஓ. சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறின.

நீருக்குத் தவிக்கும் ஊரில், சவ்வைத் தாண்டிவரும் நல்ல நீர் மீண்டும் ஆலைக்கே திரும்புவது பெரும் லாபம்தான். எஞ்சும் அடர்கரைசலைக் கொதிக்கவைத்து வற்றச் செய்வதில்தான் காசு கரைகிறது: எரிபொருள், நீராவி, அரிப்பைத் தாங்கும் உலோகம், கொழுப்பும் புரதமும் அடைத்துக்கொள்வதால் மாற்ற வேண்டிய சவ்வுகள். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கரிம அழுக்கும் கலந்த உப்பு. அதை வாங்குவோர் அரிது என்பதால் கூரைக்கடியில் குவித்துக் காக்க வேண்டியிருக்கிறது. கழிவு, நீர் உருவிலிருந்து திட உருவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. கசடைத் தேக்கிவைப்பதும் ஆபத்துதான்: 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர்.

மூன்றாவது வழி, ஆலைக்குள்ளேயே பிரித்துவிடுவது. ஊறவைக்கும் முன் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பைக் கொட்டிவிடலாம். வழக்கமான முறையில் தோல் ஏற்காமல் விடும் 30 முதல் 40 சதவீதக் குரோமியத்தை, மக்னீசியம் ஆக்சைடால் படியவைத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்தலாம். இதில் ரசாயனச் செலவே மிச்சமாவதால், தண்டனைக்கு அஞ்சாமலும் ஒருவர் இதைச் செய்வார். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், பதனிடும் கட்டத்தில் நீரே சேர்க்காத குரோம் முறையையும் உருவாக்கியுள்ளது. இருந்தாலும், வட மாநிலங்களிலிருந்து பல நாள் லாரியில் வரும் தோலுக்கு உப்பைத் தவிர்ப்பது எளிதல்ல என்பதால், இவ்வழி மட்டும் போதுமானதாகாது.

ஆகவே பாலாற்றுக் கரையில் ஆவியாக்கியைக் கைவிட முடியாது. அதற்குள் போகும் உப்பைக் குறைக்கலாம். என் தேர்வு, மூன்றாவது வழியை முதலில் முடித்து, மிஞ்சியதை மட்டும் இரண்டாவதற்கு அனுப்புவதே. அதற்குப் புதிய இயந்திரத்தைவிட முந்தித் தேவைப்படுவது, ஊறல் நீருக்கும் குரோம் நீருக்கும் தனித்தனிக் கால்வாய். இடநெருக்கடியில் இயங்கும் சிறிய ஆலைகளில் எல்லாமே ஒரே சாக்கடையில் விழுவதால், மானியம் தருவதென்றால் அந்தக் குழாய்களுக்கே முதலில் தர வேண்டும்.