பறக்கும் நாரைக்கு எந்த மோட்: ஆட்டோ ஐஎஸ்ஓவா, முழு மேனுவலா?

வேடந்தாங்கல் ஏரிக்கரை. சுள்ளியைக் கவ்விக்கொண்டு ஒரு மஞ்சள் மூக்கு நாரை வருகிறது. முதலில் அதன் பின்னால் வெளிர் வானம். இரண்டே நொடியில் பின்னணி முழுக்க இருண்ட மரக்கூட்டம். ஆனால் நாரை மேல் விழும் வெயில் துளிகூட மாறவில்லை. பறக்கும் பறவையைப் படமெடுக்கக் கேமராவில் எந்த மோட் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு நொடியைத்தான் காட்டுவேன்.

பலரும் தொடங்குவது அப்பர்ச்சர் ப்ரியாரிட்டியில், அதாவது லென்சின் திறப்பை (அப்பர்ச்சர்) நாம் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடும் மோடில். நானும் அப்படித்தான். திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400 என்று வைத்துவிட்டால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானுக்கு அது தாராளம். பறவை பறக்கும்போதுதான் காலை வாரிவிடும். வானத்துக்கு 1/3200 நொடி காட்டிய ஷட்டர், மரங்கள் வந்ததும் 1/500க்கு இறங்கிவிடும். இறக்கை நுனி கலங்கிப்போகும்.

வேகத்தை மட்டும் நாம் வைக்கும் ஷட்டர் ப்ரியாரிட்டியைத் தனியாக அலச வேண்டியதில்லை. 150-600 மி.மீ. ஜூம் லென்சில் காலை வெளிச்சத்துக்கு அப்பர்ச்சர் எப்படியும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். ஐஎஸ்ஓவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்தால், அது கிட்டத்தட்ட அடுத்துச் சொல்லப்போகும் முறையேதான்.

மேனுவலில் 1/2500, எஃப் 6.3 என்று இரண்டையும் பிடித்து வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவிடம் விடுவது ஒரு வழி. வேகம் கைவிட்டுப் போகாது. ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினால் படத்தில் கொஞ்சம் புள்ளி தெரியும். அதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய இறகைச் சரிசெய்வதுதான் கடினம். மேகம் வந்து வந்து போகும் நாளிலும், வெயிலில் இருந்து நிழலுக்குப் பாயும் மீன்கொத்திக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, நாரைக்கு? அங்கேதான் சிக்கல். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் பின்னணியையும் சேர்த்தே அளக்கிறது. வானம் பின்னால் இருக்கும்போது ஐஎஸ்ஓவைக் குறைத்துப் பறவையைக் கருக்கிவிடும். மரம் வந்ததும் ஏற்றிவிடும், வெள்ளை இறகெல்லாம் வெறும் காகிதமாகிவிடும். கேமராவின் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் வானத்துக்கு +1, மரத்துக்கு -1 என்று திருத்தலாம்தான். இரண்டு நொடிக்குள் கட்டைவிரல் அதைச் செய்து முடிக்குமா? என் விரல் ஒருநாளும் முடித்ததில்லை. சில பழைய கேமராக்களில் மேனுவலில் இந்தத் திருத்தம் வேலையே செய்யாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு மேனுவலில் ஐஎஸ்ஓவும் நம் கையில். கரைக்குப் போனதும், வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கை முதலில் எடுப்பேன். திரையில் வெள்ளைப் பகுதி மினுக்கினால் அங்கே விவரம் போய்விட்டது என்று அர்த்தம். மினுக்கல் நிற்கும்வரை ஐஎஸ்ஓவைக் குறைப்பேன். நல்ல வெயிலில் 1/2500, எஃப் 6.3க்கு அது பெரும்பாலும் 320, 400 பக்கம் வந்து நிற்கும். அப்புறம் பின்னால் வானமோ மரமோ தண்ணீரோ, கவலையில்லை. சுள்ளியோடு வந்த அந்த நாரையின் பத்துப் பன்னிரண்டு படங்களிலும் கழுத்து வெள்ளை ஒரே மாதிரி இருந்தது. வால் பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது.

நீர்க்காகம் போன்ற கருத்த பறவைக்கு இதே அளவு பத்தாது, முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) ஏற்ற வேண்டும். மேகம் மறைத்தால் உடனே கவனிக்க வேண்டும். அதை மறந்து அரைமணி நேரப் படங்கள் இருண்டு போனதும் உண்டு.

அதனால் நவம்பர் மூட்டத்தில் ஆட்டோ ஐஎஸ்ஓ, பளிச்சென்ற ஜனவரிக் காலையில் முழு மேனுவல். இரண்டையும் சி1, சி2 என்ற தனி அமைப்புகளாகக் கேமராவில் சேமித்து வைத்திருக்கிறேன். கரையேறியதும் பறவையைத் தேடுவதற்கு முன்னால் அண்ணாந்து மேகத்தைத்தான் பார்க்கிறேன்.