மின்ட் சுகம், ரைட்டர் தொல்லை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து, மெய்ப்பு பார்க்கும் நண்பர் ஒருவர் என்னை விடாமல் கேட்கிறார்: "லினக்ஸுக்கு மாறலாமா? எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடுவது?" அவருடைய லேப்டாப் ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை ஏற்காது. என்னுடையதும் அதே காலத்து மெஷின்தான். லினக்ஸ் மின்ட் போட்டு, வருஷக்கணக்கில் அதில்தான் எழுத்து வேலை ஓடுகிறது.

டிஸ்ட்ரோவுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மின்ட், உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் (எல்டிஎஸ்) மேல் கட்டியதுதான். ஆனால் ஸ்னாப் என்ற உபுண்டுவின் ஆப் நிறுவும் முறை இல்லாமல் வருகிறது, பழைய மெஷினுக்கு அது நிம்மதி. மின்ட்டின் திரைத் தோற்றத்தில் வகைகள் உண்டு: ரேம் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ, 8 இருந்தால் சின்னமன். சிஸ்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே இயக்கிவிட்டால், அப்டேட் சொதப்பினாலும் முந்தைய நிலைக்குப் போய்விடலாம்.

தட்டச்சுதான் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் எம்17என் என்ற பல மொழி விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் 'அம்மா' வந்துவிடும். நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துவிடுகிறது. நாள் முழுக்கத் தட்டினாலும் கை வலிப்பதில்லை.

கோபமெல்லாம் வேர்டுக்குப் பதிலாக நான் பயன்படுத்தும் லிப்ரேஆபிஸ் ரைட்டர் மேல்தான். அதில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு. ஸ்டைலில் ஆங்கிலத்துக்கான இடத்தில் அளவை 12 ஆக்கினால் தமிழ் அசையாது. தமிழுக்கென்று உள்ள இடத்தில் போய்த் தனியாக மாற்ற வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு மொழிகளும் அவரவர் எழுத்துருவில் அழகாக உட்கார்வது இந்த ஏற்பாட்டால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் இருக்கும்போது எரிச்சல்தான் மிஞ்சுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதிப்பகத்திலிருந்து வரும் வேர்ட் ஃபைல் பெரும்பாலும் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் இருக்கும். இரண்டும் விண்டோஸுக்கானவை, மின்ட்டில் கிடையாது. ரைட்டர் வேறொரு எழுத்துருவை வைத்துச் சமாளிக்கும். வரிகள் இடம் மாறும், அத்தியாயத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அங்கிருந்து போனில் "அஞ்சாம் பக்கம், மூணாவது வரி பாருங்க" என்பார்கள். என் திரையில் அந்த இடத்தில் வேறு வாக்கியம் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இதே கதைதான்.

நான் விண்டோஸுக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் நண்பரிடம், "இப்போதைக்கு மாறாதீங்க" என்றுதான் சொன்னேன். அவர் பிழைப்பே அந்த வேர்ட் ஃபைல்கள்தான். மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்துகொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம். அவர் கேட்கிற மாதிரி தெரியவில்லை. சரி, மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கிப் பார்க்கட்டும். கையில் இருக்கும் மெய்ப்பு ஒன்றைத் திறந்து, பக்க எண்ணிக்கை எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் சொல்லட்டும்.